ஜமீன் வீட்டுப் பிள்ளைகள்

(வேப்பூரில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று கூலி உயர்வுக் கோரிக்கையைப் பற்றிப் பேசுவதாகத்தான் நோட்டீசில் போட்டிருந்தோம். ஆனால் போன கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போகக் கூடாது என்று கிளைத் தோழர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம். ஆகவே கூலி விஷயம் அடுத்த வகுப்புக்கு.

கேள்வி என்னவென்று வராதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். பக்கத்து ஊரில் ஐம்பது காணி நிலமுள்ள ஒரு வீடு. அந்த வீட்டுப் பையன், சட்டம் படித்தவர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர மனுக் கொடுத்திருக்கிறார். உழைக்கத் தயார் என்கிறார். வாலிபத் தோழர்களுக்கு மகிழ்ச்சி. "படித்த ஆள், தாலுகா ஆபீசில் நமக்காக வாதாடுவார்" என்றார்கள். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி எழுந்து கேட்டார்: "அந்தத் தம்பியோட அப்பா களத்துமேட்டுல எங்கள நிக்க வெச்சுத்தான் பேசுவாரு. இந்தத் தம்பி எங்ககூட பாயில உக்காந்தா, நாங்க அவர என்னன்னு நெனைக்கிறது?" இன்னொரு தோழர் வெண்மணியை நினைவுபடுத்தினார். 1968 டிசம்பர் 25 இரவில் 44 உயிர்கள் ஒரே குடிசையில் கருகின. இவ்வளவு நிலமுள்ள பெரிய மனிதர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து போய் நெருப்பு வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற கருத்தில் பிற்பாடு உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. "கோர்ட்டே அவங்க சாதிபோல பேசினப்போ, அவங்க பிள்ளைய நாம நம்புறதா?" என்றார் அந்தத் தோழர்.

நம் வேப்பூரில் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடுகிறது. ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் இங்கே யாரும் பணத்தை எடுப்பதில்லை. மனிதனுக்கு எந்தப் பல்லைப் பார்ப்பது? இதற்கு நாம் சூத்திரம் சொல்லப் போவதில்லை. ஒரு வீட்டின் கதையைச் சொல்லப் போகிறோம். அதற்கு முன்னால், கடல் கடந்து இன்னொரு வீட்டுக்கும் போய் வர வேண்டும். அந்த வீடு அயர்லாந்தில் இருக்கிறது.

அயர்லாந்தை ஆங்கிலேயன் நம்மைப் பிடிப்பதற்கு வெகுகாலம் முன்னரே பிடித்துவிட்டான். நிலத்தையெல்லாம் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தான். உழுகிறவன் ஐரிஷ்காரன், கத்தோலிக்கன். வாரம் வாங்குகிற பிரபு ஆங்கில வம்சம், புராட்டஸ்டண்டு. இப்படிப்பட்ட ஒரு பிரபு குடும்பத்தில், விக்லோ ஜில்லாவில் அவண்டேல் என்ற பண்ணையில், 1846ல் ஒரு பிள்ளை பிறந்தது. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் என்று பெயர். கேம்பிரிட்ஜில் படித்தான். 1875ல் பார்லிமெண்ட் மெம்பரானான்.

அதே 1846ல், மேயோ ஜில்லாவில் ஒரு குத்தகை விவசாயி வீட்டில் மைக்கேல் டேவிட் என்று இன்னொரு பிள்ளை பிறந்தது. வாரம் கட்ட முடியவில்லை என்று அந்தக் குடும்பத்தை வீட்டிலிருந்து தூக்கி வெளியே போட்டார்கள். அவர்கள் பிழைப்புத் தேடி இங்கிலாந்தில் லங்காஷயருக்குப் போனார்கள். அங்கே பஞ்சாலை. அந்தப் பிள்ளை மில்லுக்குப் போனான். பதினோராவது வயதில் இயந்திரத்தில் சிக்கி வலது கை போய்விட்டது. இங்கே வந்திருக்கும் மில் தோழர்களுக்கு இதை விவரிக்க வேண்டியதில்லை.

ஒரு கை இழந்த மில் தொழிலாளியும், நிலப்பிரபுவும் 1879ல் சேர்ந்து நிலச் சங்கம் நடத்தினார்கள். பார்னெல் அதற்குத் தலைவர். குடியானவனை வெளியேற்றிய நிலத்தை எவன் குத்தகைக்கு எடுக்கிறானோ அவனோடு பேசாதே, அவன் கடையில் வாங்காதே, அவனுக்கு விற்காதே, கோயிலில்கூட அவன் பக்கத்தில் நிற்காதே என்று 1880ல் பார்னெல் பேசினார். சில நாட்களிலேயே மேயோவில் ஒரு பிரபுவின் ஏஜெண்டு மேல் அது பாய்ந்தது. அந்த ஏஜெண்டின் பெயர் பாய்காட். அறுவடைக்கு ஆள் வரவில்லை. வடக்கேயிருந்து ஐம்பது ஆட்களைக் கொண்டுவந்து, நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் காவல் நிறுத்தி அறுத்தார்கள். அறுத்த பயிரின் விலையைவிடக் காவல் செலவு பல மடங்கு. பகிஷ்காரத்துக்கு ஆங்கிலத்தில் 'பாய்காட்' என்று பெயர் வந்தது அந்த மனிதனால்தான்.

1881ல் பார்னெலைச் சிறையில் போட்டார்கள். அப்போது அவருடைய தங்கை அன்னா பார்னெல் பெண்கள் நிலச் சங்கத்தை நடத்தினார். வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குக் குடிசை போட்டுக் கொடுத்தார். 1882ல் அண்ணன் சர்க்காரோடு சமரசம் செய்துகொண்டு வெளியே வந்தார். வந்ததும் செய்த காரியங்களில் ஒன்று, தங்கையின் சங்கத்துக்குப் பணத்தை நிறுத்தி அதை மூடியது. அன்னா அதன்பிறகு சாகும்வரை அண்ணனோடு பேசவில்லை. நிலம் முழுவதும் நாட்டுக்குச் சொந்தமாக வேண்டும் என்று டேவிட் சொன்னபோது, பார்னெல் அதை ஏற்கவுமில்லை. பார்னெல் துரோகியா? இல்லை. அவர் இல்லாவிட்டால் ஐரிஷ் விவசாயியின் குரல் லண்டன் வரை போயிருக்காது. ஆனால் ஒரு எல்லைக்கு மேல் அவர் கால் நடக்கவில்லை. தங்கையின் கால் நடந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

இந்த வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து மேற்கே போகிற சாலை சின்னசேலம் வழியாகச் சேலம் போகிறது. அங்கிருந்து திருச்செங்கோடு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம். அந்த ஊர் ஜமீன் வீட்டில் 1889ல் பிறந்தவர் டாக்டர் பி. சுப்பராயன். சென்னையில் நியூவிங்டன் பள்ளியில் படித்தார். ஜமீன் வாரிசுகளுக்காக வெள்ளைக்காரன் நடத்திய பள்ளி அது. பிறகு மாநிலக் கல்லூரி. பிறகு ஆக்ஸ்போர்டு. சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியது, பாருங்கள், அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில். பார்னெல் இறந்தது 1891 அக்டோபர் 6. சுப்பராயன் இறந்தது 1962 அக்டோபர் 6. இதில் அர்த்தம் ஒன்றுமில்லை. காலண்டர் செய்கிற வேடிக்கை.

சுப்பராயன் கொங்கு வேளாளக் கவுண்டர். அவர் மணந்தது மங்களூர் சாரஸ்வதப் பிராமணப் பெண்ணை. ராதாபாய் என்று பெயர். அந்தக் காலத்தில், ஜமீன் வீட்டில், சாதி தாண்டிய கல்யாணம்! ராதாபாயின் தகப்பனார் குட்முல் ரங்கராவ் என்பவர். இவரைப் பற்றி நம் தோழர்களுக்கு அதிகம் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டும். வக்கீல். 1897ல் மங்களூரில் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்காக ஸ்தாபனம் தொடங்கிப் பள்ளிக்கூடம் வைத்தார். சொந்தச் சாதி அவரை ஒதுக்கி வைத்தது. தாழ்த்தப்பட்ட ஒருவன் படித்து, உத்தியோகம் பார்த்து, இந்த வீதியில் காரில் போக வேண்டும், அந்தச் சக்கரத்தின் புழுதி தன் தலையில் படவேண்டும், அன்றுதான் தன் ஜன்மம் கடைத்தேறும் என்ற கருத்தில் அவர் சொன்னதாக மங்களூரில் இன்றும் சொல்வார்கள். வெண்மணித் தீர்ப்பில் வந்த காரையும், ரங்கராவ் கனவு கண்ட காரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், தோழர்களே. இரண்டும் இதே நாட்டில் ஓடியவைதான்.

சரி, மாப்பிள்ளை என்ன செய்தார்? 1920ல் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சிக்கு அதிக இடம் கிடைத்தது. ஆனால் வெள்ளைக்காரனின் இரட்டை ஆட்சியில் மந்திரி பதவி வேண்டாம் என்று அவர்கள் ஒதுங்கினார்கள். எந்தக் கட்சியிலும் இல்லாத சுப்பராயனைக் கவர்னர் கோஷன் கூப்பிட்டு முதல் மந்திரியாக்கினார். 1926 டிசம்பரிலிருந்து 1930 அக்டோபர் வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். முதல் மந்திரி என்று பெயரே தவிர, போலீசும் நிலவரியும் கவர்னருடைய நிர்வாகக் கவுன்சிலின் கையில். மந்திரிக்குக் கிடைத்தது பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஸ்தலஸ்தாபனம். அந்தச் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்? வரி கட்டும் அளவு சொத்துள்ளவர்கள். இன்று இங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பாட்டன் பாட்டிகளில் ஒருவர்கூட அந்த ஜாபிதாவில் இருந்திருக்க மாட்டார் என்று தைரியமாகச் சொல்லலாம்.

1928ல் சைமன் கமிஷன் வந்தது. பகிஷ்காரக் கேள்வியில் அவருடைய மந்திரிகள் இருவர் விலகினார்கள். அவர் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு மந்திரிசபையை நடத்தினார். அப்படி வந்தவர்களில் ஒருவரான முத்தையா முதலியார்தான் உத்தியோகங்களில் வகுப்புவாரி உரிமையை அமலுக்குக் கொண்டுவந்தவர். அது பெரிய காரியம், மறுக்க மாட்டோம். அதே 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். நம் விருத்தாசலம் ஜங்ஷன் இருப்பதும் அந்தக் கம்பெனியின் பாதையில்தான். ஆட்குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளிகள் மேல் அடக்குமுறை பாய்ந்தது. சிங்காரவேலர், அறுபத்தெட்டு வயதுக் கிழவர், கைது செய்யப்பட்டார். பத்து வருஷத் தண்டனை என்றார்கள். பிறகு குறைத்து 1930ல் விட்டார்கள். போலீஸ் இலாகா சுப்பராயன் கையில் இல்லை என்பது உண்மை. போலீஸ் கையில் இல்லாத நாற்காலியில் அவர் தொடர்ந்து உட்கார்ந்திருந்தார் என்பதும் உண்மை.

பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக மாறினார். 1932ல் தீண்டப்படாதார் கோயிலுக்குள் போகும் உரிமைக்காகச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். காந்தியே அதை ஆதரித்தார். வைசிராய் அனுமதி தர மறுத்துவிட்டார். காங்கிரசில் சேர்ந்து 1937ல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டமும் கல்வியும் பார்த்தார். அந்தக் கல்வி இலாகாவில்தான் 1938ல் கட்டாய இந்தி வந்தது, மறியல் நடந்தது, தாளமுத்துவும் நடராசனும் சிறையில் மாண்டார்கள். அதே மனிதர் 1956ல் ஆட்சிமொழிக் கமிஷனில் உட்கார்ந்து, இந்தியை அவசரமாகத் திணிப்பதற்கு எதிராகத் தனி அபிப்பிராயம் எழுதினார். மனிதன் கற்றுக்கொள்கிறான். ஆனால் கற்றுக்கொள்வதற்கு எவ்வளவு விலை யார் கொடுத்தார்கள் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும். (கிரிக்கெட் போர்டுக்கும் பல வருஷம் தலைவராக இருந்தார். அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை, வாலிபத் தோழர்கள் சிரிக்க வேண்டாம்.)

ராதாபாயைப் பற்றிச் சொல்லாமல் போனால் தாய்மார்கள் நம்மை விடமாட்டார்கள். 1930ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர் அவர். பெண்களுக்குச் சட்டசபையில் இடம் ஒதுக்க வேண்டும் என்று அங்கே கேட்டார். ஓட்டுரிமையை ஆராய்ந்த லோதியன் கமிட்டியிலும் இருந்தார். 1938ல் டில்லி மேல்சபையில் முதல் பெண் உறுப்பினரானார். ஆனால் அன்று வந்த ஓட்டுரிமை சொத்துள்ள பெண்ணுக்கு, படித்த பெண்ணுக்கு, சொத்துள்ளவன் பெண்சாதிக்கு. நடவு நடுகிற பெண்ணுக்கு ஓட்டு வந்தது 1952 பொதுத் தேர்தலில்தான். ராதாபாய் கேட்டது தவறு என்று சொல்லவில்லை. கேட்டது எதுவரை எட்டியது என்று சொல்கிறோம்.

இனிப் பிள்ளைகள். இங்கேதான் கதை.

மூத்தவர் பரமசிவ பிரபாகர், 1913ல் பிறந்தவர். பிள்ளைகளில் ஈட்டன் பள்ளிக்குப் போனவர்கள் உண்டு. இங்கிலாந்துப் பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. மூத்தவர் அங்கிருந்து ராணுவக் கல்லூரிக்குப் போய்ப் பீரங்கிப் படை ஆபீசரானார். கோபால் என்று இன்னொரு மகன். மோகன் 1916ல் லண்டனிலேயே பிறந்தவர். ஈட்டன், பிறகு கேம்பிரிட்ஜ், 1938ல் அங்கே மாணவர் யூனியனுக்குத் தலைவர். பார்வதி 1919ல் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் படித்தார். பிரபுக்களின் கோட்டைக்குள் போன இந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் அங்கே மார்க்சைப் படித்துவிட்டார்கள்! ஹிட்லர் எழும்பிய காலம், ஸ்பெயினில் யுத்தம், இங்கிலாந்தில் வேலையில்லாதவர்களின் ஊர்வலம். ஜோதிபாசு, பூபேஷ் குப்தா, இந்திரஜித் குப்தா எல்லோரும் அந்தக் காலத்தில் அங்கே படித்த பிள்ளைகள்தான். சாம்ராஜ்யத்தைக் காப்பாற்றப் பயிற்சி கொடுத்த இடத்திலிருந்தே அதை எதிர்க்கிற ஆட்களும் வந்தார்கள்.

மோகன் பாரிஸ்டர் பட்டத்தோடு 1939ல் திரும்பினார். சென்னை ஹைகோர்ட்டில் கறுப்பு அங்கி போட்டிருந்தால் சில வருஷத்தில் பங்களா கட்டியிருக்கலாம். அவர் கட்சியின் முழுநேர ஊழியரானார். கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலம். சென்னைச் சதி வழக்கு என்று ஒன்றைப் போட்டு பி. ராமமூர்த்தி, சி.எஸ். சுப்பிரமணியம், உமாநாத், மோகன் குமாரமங்கலம் முதலானவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தம்பி வெள்ளைக்காரனின் சிறையில் இருந்த அந்த வருஷங்களில் அண்ணன் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கி சுட்டுக்கொண்டிருந்தார். வீரத்துக்கு மெடல் வாங்கினார். 1942ல் எதிரிகளிடம் பிடிபட்டு இத்தாலியிலும் ஜெர்மனியிலும் யுத்தக் கைதியானார். ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் ராஜாவுக்கு எதிராகச் சதி செய்தான் என்று சிறை கண்டான். இன்னொருவன் ராஜாவுக்காகச் சண்டை போட்டுக் கைதியானான். ராதாபாய் என்ன நினைத்திருப்பார்? மகனைச் சிறைக்கு அனுப்பிய தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

பார்வதி 1942ல் தோழர் என்.கே. கிருஷ்ணனை மணந்தார். அவரும் முழுநேர ஊழியர். கோவைக்குப் போய்த் தொழிற்சங்கத்தில் இறங்கினார்கள்.

1947ல் நம் ஜில்லாக்காரர், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல் மந்திரியானார். அவர் மந்திரிசபையில் உள்துறையும் போலீசும் யாருக்கு? டாக்டர் சுப்பராயனுக்கு! பொதுஜன அமைதிச் சட்டம் என்று ஒன்று கையில். கம்யூனிஸ்டுகளை விசாரணையில்லாமல் உள்ளே போடலாம். மந்திரியின் மகனும் மகளும் மருமகனும் கம்யூனிஸ்டுகள். மகாபாரதத்தில் பீஷ்மர் ஒரு பக்கம் நின்று பேரப்பிள்ளைகளோடு சண்டை போட்டார் என்று கூத்தில் பார்க்கிறோமே, அது சென்னைக் கோட்டையில் நடந்தது. அந்த மந்திரிசபை காலத்தில்தான் 1948ல் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் வந்தது. குமாரமங்கலம் ஜமீன்தார், ஜமீனை ஒழித்த சர்க்காரில் மந்திரி. நஷ்டஈட்டோடு ஒழித்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

1949ல் சுப்பராயன் இந்தோனேஷியாவுக்கு ஸ்தானிகராகப் போய்விட்டார். 1950 பிப்ரவரி 11ந் தேதி சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 பேர் மாண்டார்கள். இந்தக் கூட்டுரோட்டில் நின்று மேற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் சில மணி நேரத்தில் போய்ச் சேருகிற இடம் அது. அந்தச் சூடு சுப்பராயன் காலத்தில் நடந்ததல்ல. குற்றத்தை அவர் தலையில் வைக்க மாட்டோம். ஆனால் விசாரணையில்லாமல் உள்ளே வைக்கிற சட்டத்தைக் கையில் வைத்திருந்த போலீஸ் மந்திரிகளின் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது.

பிறகு வந்தது இன்னொரு வேடிக்கை. 1954ல் தகப்பன் ராஜ்யசபையில் காங்கிரஸ் மெம்பர். மகள் அதே ராஜ்யசபையில் கம்யூனிஸ்ட் மெம்பர். 1957ல் தகப்பன் திருச்செங்கோட்டிலிருந்து லோக்சபைக்கு. மகள் கோவை மில் தொழிலாளிகளின் ஓட்டால் அதே லோக்சபைக்கு. 1959ல் தகப்பன் நேருவின் போக்குவரத்து மந்திரி. ரயிலைத் தவிர ரோடும் துறைமுகமும் தபாலும் அவர் இலாகா. மகள் எதிர்வரிசையில். 1960ல் ராதாபாய் காலமானார். 1962 ஏப்ரலில் சுப்பராயன் மகாராஷ்டிர கவர்னரானார். ஆறு மாதத்தில் மறைந்தார். மூத்த மகன் 1966லிருந்து 1969 வரை இந்தியாவின் தரைப்படைத் தளபதி.

இப்போது நீங்கள் எதிர்பார்க்கும் இடம். மோகன் என்ன ஆனார்?

மோகன் நல்ல வக்கீல், நல்ல பேச்சாளர், கட்சிக்காகச் சிறை கண்டவர். ஆனால் அறுபதுகளில் அவருக்கு ஒரு யோசனை பிடித்தது. காங்கிரசுக்கு உள்ளே இருக்கும் முற்போக்கானவர்களோடு சேர்ந்து உள்ளிருந்தே அதை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது. 1966ல் பக்தவத்சலம் சர்க்காரின் அட்வகேட் ஜெனரலானார். பிறகு காங்கிரசில் சேர்ந்தார். 1971ல் பாண்டிச்சேரியிலிருந்து ஜெயித்து, இந்திரா காந்தியின் உருக்கு, சுரங்க மந்திரியானார்.

அவர் போனதை நாம் சரி என்று சொல்லவில்லை. ஆனால் செய்ததைச் சொல்லியாக வேண்டும். கோக் நிலக்கரிச் சுரங்கங்களை 1971ல் எடுத்து 1972ல் நாட்டுடைமையாக்கினார்கள். மிச்சமிருந்த நிலக்கரிச் சுரங்கங்கள் 1973 மே முதல் தேதி, ஆம், மே தினத்தன்று, நாட்டுடைமையாயின. அதுவரை சுரங்க முதலாளியின் அடியாட்களுக்கும் கந்துவட்டிக்காரனுக்கும் நடுவில் கிடந்த தொழிலாளிக்கு அது சாமானிய விஷயமல்ல. அதே ஆண்டு ஏப்ரலில், மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி வேறொருவரைத் தலைமை நீதிபதியாக்கியதையும் அவர்தான் பார்லிமெண்டில் நின்று ஆதரித்தார். நீதிபதி சர்க்காரின் மனம் அறிந்து நடக்க வேண்டும் என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இரண்டே வருஷத்தில் நாடு நெருக்கடி நிலையில் பார்த்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

1973 மே 31. டில்லிக்குப் போன விமானம் பாலம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. மோகன் குமாரமங்கலம் இறந்தார். அதே விமானத்தில் கோவையின் கம்யூனிஸ்ட் மெம்பர், தோழர் கே. பாலதண்டாயுதமும் இறந்தார். கட்சியை விட்டுப் போனவரும், கட்சியிலேயே நின்றவரும் ஒரே விமானத்தில். தொழிற்சங்கத் தலைவர் சதீஷ் லூம்பாவும் அதில் மாண்டார்.

பாலதண்டாயுதத்தின் இடம் காலியாயிற்று. 1974ல் கோவையில் இடைத்தேர்தல். கட்சி நிறுத்தியது யாரை? பார்வதி கிருஷ்ணனை. அந்த விமானத்தில் அண்ணனையும் இழந்தார், தோழரையும் இழந்தார். தோழரின் இடத்துக்கு நின்றார், ஜெயித்தார். 1977லும் ஜெயித்தார். அண்ணன் மந்திரியானபோது தங்கை அவர் பின்னால் போகவில்லை. 2014 பிப்ரவரியில், தொண்ணூற்று நான்காவது வயதில், கோவையில் இறக்கும்வரை அவர் அதே கட்சியில் இருந்தார். அன்னா பார்னெலை நினைத்துப் பாருங்கள் என்று முதலில் சொன்னோமே, இதற்காகத்தான்.

கதை அத்தோடு முடியவில்லை. மோகனின் மகன் ரங்கராஜன் 1984ல் சேலத்திலிருந்து காங்கிரஸ் மெம்பரானார். பிறகு பாரதீய ஜனதாவில் சேர்ந்து 1998ல் மின்சார மந்திரியானார். மின்கட்டணம் நிர்ணயிப்பதைத் தனிக் கமிஷன் கையில் கொடுக்கிற சட்டம் அந்த ஆண்டு வந்தது. 2000 ஆகஸ்டில் பதவியிலிருக்கும்போதே, ஐம்பது வயதுகூட ஆகாமல், காலமானார். தகப்பன் சுரங்கத்தை நாட்டுடைமையாக்கினார், மகன் மின்சாரத்தில் சந்தைக்கு வழி திறந்த சர்க்காரில் மந்திரி. பேத்தி லலிதாவும் அந்தக் கட்சிதான்.

ஆக, ஒரே ஜமீன் வீடு. அதில் வெள்ளைக்காரனுக்கு முதல் மந்திரி, வட்டமேஜைக்குப் போன பெண், ராணுவத் தளபதி, போய்விட்ட கம்யூனிஸ்ட், கடைசிவரை நின்ற கம்யூனிஸ்ட், காவிக் கட்சி மந்திரி. வீட்டைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியுமா? வீட்டைப் பார்க்காமலும் இருக்க முடியுமா? விருத்தாசலம் பீங்கான் வேலைத் தோழர்களைக் கேளுங்கள். ஒரே களிமண்ணில் பிடித்து ஒரே சூளையில் வைத்தாலும் எல்லாச் சாமானும் ஒன்றாகவா வருகிறது? ஒன்று கீறும், ஒன்று நிற்கும். சூளையைத் திறந்த பிறகுதான் தெரியும்.

இப்போது நம் ஊர் விஷயம். பையனின் மனு இங்கே மேஜையில் இருக்கிறது. நாம் நினைப்பதைச் சொல்கிறோம், ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் உரிமை. சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் பதவி எதுவும் வேண்டாம், ஒரு வருஷம் சாதாரண உறுப்பினர். தாலுகா ஆபீசுக்கு மனு எழுதட்டும். எழுதியதை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, கூலிக்காரத் தோழர் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு போகட்டும். டேவிட் இல்லாமல் பார்னெல் மட்டும் லண்டன் போன கதை இங்கே வேண்டாம். அடுத்து, கூலிக் கோரிக்கையை முதலில் எந்தப் பண்ணையில் வைப்பது என்று அடுத்த வகுப்பில் முடிவெடுக்கப் போகிறோம். பட்டியலில் அவர் தகப்பனார் பண்ணையும் இருக்கிறது. அந்த மனுவில் அவர் கையெழுத்துப் போடுவாரா என்று அவரையே கேட்டோம். இரண்டு நாள் அவகாசம் கேட்டார். நேற்று மாலை வந்தார். கையெழுத்துப் போட்டிருக்கிறார். காகிதம் இதோ, தலைவரிடம் கொடுக்கிறோம், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்க்கலாம்.

போன கூட்டத்தில் கேள்வி கேட்ட மூதாட்டி இங்கே வந்திருக்கிறார். அவர் முதலில் பேசட்டும். பிறகு தலைவர் ஓட்டுக்கு விடட்டும்.